கேட் மூடினால் கிளினிக் எவ்வளவு தூரம்? சுங்கை சிப்புட் தோட்டப் பாதைகளை அளந்த அனுபவம்

வரைபடத்தில் கிளினிக்கின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போடுவது ஒரு நிமிட வேலை. வட்டத்துக்குள் வீடு இருந்தால் மருத்துவ வசதி உண்டு, வெளியே இருந்தால் இல்லை. சுகாதார ஆய்வுகளில் இந்த 5 கிலோமீட்டர் அளவு பழக்கமானதுதான். நாடு முழுவதற்கும் ஒரே மூச்சில் கணக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கு அது உதவும். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அந்த வட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வட்டத்துக்குள் இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு)ப் போய்க் கேட்டால், "எட்டு மணி கிளினிக்குக்கு ஆறு மணிக்கே கார் பிடிக்கணும்" என்கிறார்கள்.

வட்டம் சொல்வதற்கும் அந்த மக்கள் சொல்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியை எண்ணாக எழுதிக் காட்ட வேண்டும் என்று தொடங்கிய வேலை இது. நான் ஈப்போவில் தரவுப் பகுப்பாய்வு வேலை செய்கிறேன், வீடு சுங்கை சிப்புட்டில். சனிக்கிழமைகளில் ஐந்தாம், ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுப்பேன். வேலையில் பாதிக்கு மேல் அவர்கள் செய்தது. தோட்டங்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. சில இடங்களில் மிஞ்சியிருப்பது ஒரு சில குடும்பங்கள்தான், பெயரைச் சொன்னால் ஆளையே காட்டிவிடும்.

ஏன் கிளினிக்கை எடுத்தோம் என்றால், இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இந்த நோய்க்கு ஒரு தடவை போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் தீராது. சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, இடையிடையே மருந்து, கால் பார்ப்பது, கண் பார்ப்பது என்று வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). போய்வரக் கார் வைத்தால் அதற்குக் கொடுப்பது பல மடங்கு. மருத்துவம் மலிவாக இருந்தும் பாதை விலை உயர்ந்ததாக இருக்கிறது. ஒரு முறை தவறினால் அடுத்த தேதி தள்ளிப் போகும், மருந்து தீரும், பிறகு டயாலிசிஸ் வரைக்கும் போகிற கதைகள் நம் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு.

தோட்டங்கள் ஏன் இப்படி விடுபட்டன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட முதலாளியிடம் விட்டது. தோட்ட ஆஸ்பத்திரி, டிரெஸர் (மருத்துவ உதவியாளர்), மருந்துக் கொட்டகை எல்லாம் அப்படி வந்தவை. சுதந்திரத்தை ஒட்டி அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையை விரித்தது. 4,000 பேருக்கு ஒரு கிராம கிளினிக், 20,000 பேருக்கு ஒரு சுகாதார கிளினிக் என்ற அளவுக்குப் பின்னால் வந்து நின்றது. உலகமே பாராட்டிய திட்டம் அது, நியாயமான பாராட்டும்கூட. ஆனால் தோட்டம் தனியார் நிலம், அங்கே முதலாளி பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் கிளினிக்குகள் பெரும்பாலும் கம்பங்களை (மலாய்க் கிராமங்களை) ஒட்டியே எழுந்தன. அப்புறம் கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது, பல தோட்ட மருந்தகங்கள் மூடின. வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் அரசாங்கத் தரவில் எங்களைத் தேடினோம். மலேசியாவின் திறந்த தரவு முன்பு இருந்ததற்கு இப்போது எவ்வளவோ மேல். 2021இல் சுகாதார அமைச்சு கோவிட் எண்களைக் கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்து விட்டது. 2022இல் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் என்ற தரவுத் தளம் வந்தது. அதிலேயே 'கவாசான்கூ' என்ற பக்கத்தில் மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வரை இறங்கி வருமானம், மக்கள்தொகை எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அவரவர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் எல்லைகளில் தொடங்குகிறது. சுங்கை சிப்புட் தனி நாடாளுமன்றத் தொகுதி, அதற்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஆனால் மாவட்டம் கோலகங்சார். மாவட்ட வாரியாக வரும் தரவில் சுங்கை சிப்புட் என்ற பெயரே தென்படாது, கோலகங்சாரின் சராசரிக்குள் கரைந்துவிடும். தொகுதி வாரியாக வரும் தரவில் ஊர் தெரியும், ஆனால் பட்டணத்துத் தாமானும் (வீடமைப்புப் பகுதி) ஆற்றுக்கு அப்பாலுள்ள லயமும் மேலே காட்டுக்குள் இருக்கும் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமமும் ஒரே எண்ணாகிவிடும். எங்களுக்கு வேண்டியதோ, இந்த லயத்திலிருந்து அந்தக் கிளினிக்குக்கு எவ்வளவு நேரம் என்பது. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆகவே மூன்று பொருள்களை நாங்களே சேர்க்க வேண்டியிருந்தது: வீடுகள், பாதைகள், கிளினிக்குகள்.

கிளினிக்தான் இருப்பதிலேயே எளிது. அமைச்சின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் வரைபடத்தில் சரிபார்த்தோம். முகவரியை வைத்துத் தானாக இடம் காட்டும் சேவையை நம்பக் கூடாது. ஊர்ப்புறத்தில் அது பல நேரம் அஞ்சல் குறியீட்டின் நடுவில் புள்ளியைப் போட்டுவிடும்.

வீடுகளுக்குக் கூகுளின் 'ஓப்பன் பில்டிங்ஸ்' தரவை எடுத்தோம். செயற்கைக்கோள் படத்திலிருந்து கூரைகளைக் கண்டுபிடித்துத் தரும் தொகுப்பு. 2021இல் ஆப்பிரிக்காவுக்காகத் தொடங்கி, பின்னர் தென்கிழக்கு ஆசியாவுக்கும் விரிந்தது. இலவசம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்ததும் பட்டணம் அழகாக வந்தது. தோட்டங்களைப் பார்த்தபோதுதான் கோளாறு புரிந்தது. பழைய லயம் ஒன்றின் கூரை நீளமாக ஒரே துண்டாக ஓடும். கீழே எட்டு வீடு, பத்து வீடு இருக்கும். தரவில் அது ஒரே கட்டடம். தாமானில் தனித்தனிக் கூரையுள்ள பத்து வீடு பத்துக் கட்டடம். கூரையை எண்ணி மக்களைக் கணக்கிட்டால் லயத்தில் பத்துக் குடும்பம் ஒரு குடும்பமாகச் சுருங்கும். இதற்கு நேர்மாறாக, உரக் கொட்டகையும் மாட்டுக் கொட்டகையும் வீடாகிவிடும்.

கூரையின் பரப்பளவை வைத்து ஓரளவு சரிசெய்யலாம். நாங்களும் முதலில் அதைத்தான் போட்டோம். ஆனால் ஆளில்லாத லயமும் ஆள் உள்ள லயமும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் நேரில் போய்க் கதவுகளை எண்ணுவது என்று முடிவானது. பிள்ளைகளிடம் நான் கொடுத்த தாளில் மூன்றே கட்டங்கள்: எத்தனை கதவு, எத்தனையில் ஆள் இருக்கிறார்கள், கிளினிக்குக்கு எதில் போகிறார்கள். பெயர் இல்லை, ஐசி எண் இல்லை, நோய் இல்லை. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஊர் வேலை என்று சொல்லி வாங்கும் தகவல் நாளைக்கு யார் கையில் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இனி பாதை. இந்த வேலையின் உயிர் இங்கேதான்.

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஈப்போ சாலை, கோலகங்சார் சாலை, பட்டணத்துத் தெருக்கள் எல்லாம் இருந்தன. தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதைகளில் சில இருந்தன, பல இல்லை. பைத்தானில் ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற நூலகம் இந்த வரைபடத்தை இறக்கி, சந்திகளும் சாலைகளுமாக வலைப்பின்னலாக்கித் தரும். பிறகு எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் மிகக் குறுகிய வழியைக் கேட்கலாம். உள்ளே ஓடுவது 1959இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதிய வழிமுறை. ஆனால் கார் ஓடும் சாலைகள் வேண்டும் என்று 'டிரைவ்' வகையைக் கேட்டால், அது 'டிராக்' என்று குறிக்கப்பட்ட மண்பாதைகளையும், 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்ட சாலைகளையும் தானாகவே விட்டுவிடும். பொதுவாக அது சரியான முடிவு. தோட்ட மக்களைப் பொறுத்தவரை அவர்கள் வாழும் இடமே டிராக், அதுவும் பிரைவேட். மென்பொருள் அவர்கள் வீட்டுக்குப் பாதையே இல்லை என்கிறது, அல்லது கிலோமீட்டர் கணக்கில் தள்ளியுள்ள தார்ச்சாலையின் ஓரத்தில் அவர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருந்து எண்ணுகிறது. அந்த எண்ணும் பார்க்க நியாயமாகவே தோன்றும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வடிகட்டியை நாமே எழுதி, மண்பாதையையும் தனியார் சாலையையும் சேர்க்கச் சொன்னோம். இல்லாத பாதைகளை நாமே வரைந்தோம். மோட்டார் வைத்திருந்த பெரிய பையன்கள், பின்னால் ஓர் ஆளோடு, கைபேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கினோம். கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஒரு தோட்டத்தில் காவல்காரரான ஜாகா அண்ணன் பிள்ளைகளை நிறுத்தி, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, அவரே எந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று ஒரு பழைய அட்டையில் வரைந்து கொடுத்தார். செயற்கைக்கோள் படத்தில் செம்பனை ஓலைக்கு அடியில் மறைந்துபோகும் பாதைகள் எல்லாம் அந்த அட்டையில் இருந்தன.

அவரிடம்தான் கேட் விஷயம் தெளிவானது. லயத்திலிருந்து பட்டணத்துக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு, நடுவில் இரும்புக் கேட். செம்பனைக் குலை திருட்டு அதிகமானதிலிருந்து அதைக் காலை வேலை தொடங்கும்வரையும் மாலைக்குப் பிறகும் பூட்டி வைக்கிறார்கள். "திருட்டு லோரி ராத்திரிதான் வருது தம்பி, நாங்க என்ன செய்ய?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான் கிளினிக்குக்குக் கிளம்ப வேண்டியவர்கள் கிளம்புகிறார்கள். முன்பக்கப் பாதையில் முழுத் தோட்டத்தையும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அப்போ தூரம் நேரத்துக்கு நேரம் மாறுதா?" அதுதான் மொத்த வேலையும். ஒரே வலைப்பின்னலை இரண்டாகச் செய்தோம், கேட் திறந்த வலை, கேட் மூடிய வலை. ஒவ்வொரு கேட்டும் வரைபடத்தில் ஒரு கணு (வலையின் ஒரு புள்ளி), அதற்குப் பூட்டும் நேரம், திறக்கும் நேரம் என்று இரண்டு குறிப்புகள். காலை ஆறு மணிக்கு ஒரு கணக்கு, ஒன்பது மணிக்கு இன்னொரு கணக்கு.

வேகத்துக்கு ஊகம் வேண்டாம் என்று பிள்ளைகளின் ஜிபிஎஸ் பதிவுகளையே பயன்படுத்தினோம். ஒவ்வொரு பாதைத் துண்டிலும் பதிவான வேகங்களில் நடு மதிப்பை எடுத்தோம். சராசரி எடுத்தால், யாராவது நின்று தண்ணீர் குடித்ததும் அதில் கலந்துவிடும். பிறகு மோட்டாரிலிருந்து காருக்கு மாற்ற, தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகிய இரண்டு டிரைவர்களிடம் பாதையைக் காட்டி, எங்கே எவ்வளவு மெதுவாகப் போவார்கள் என்று குறித்துக்கொண்டோம். குழி விழுந்த செம்மண் பாதையில் இளவட்டம் மோட்டாரில் போவது வேறு, கால் புண்ணோடு ஒரு பாட்டியைக் காரில் ஏற்றிப் போவது வேறு. கணக்கு அந்தப் பாட்டிக்காக எழுதப்பட வேண்டும்.

கணக்கை ஓட்டிப் பார்த்ததும் வரிசை தலைகீழானது. வட்டத்துக்குள் இருந்த லயங்களில் சில, கேட் மூடிய நேரத்தில், நேர்கோட்டுத் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போயின. வட்டத்துக்கு வெளியே விழுந்த ஒரு குடியிருப்போ, பெரிய சாலையை ஒட்டியிருந்ததால் எல்லாருக்கும் முன்னால் கிளினிக் போய்ச் சேர்ந்துவிடும். உதவி யாருக்கு வேண்டும் என்று வட்டத்தை வைத்து முடிவு செய்தால், வெளியே இருக்கும் குடியிருப்புக்குக் கிடைக்கும், உள்ளே இருக்கும் லயத்துக்குக் கிடைக்காது.

அளவுகோல் மாறினால் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள் என்பதற்கு நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016இல் பழைய முறைப்படி மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். 2019இல் ஐநா சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்த வறுமைக் கோடு நடப்புக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அரசாங்கம் கோட்டைத் திருத்தியது. மாதம் 980 வெள்ளியாக இருந்தது 2,208 வெள்ளியானது. புதிய முறையில் அதே 2016இன் வறுமை விகிதம் 7.6 விழுக்காடு. அந்தக் குடும்பங்கள் அன்றும் இருந்தன, எண்ணில்தான் இல்லை. ஒரு அரசாங்கம் தன் அளவுகோலைத் திருத்திக்கொள்வது பலவீனம் இல்லை, மிக நல்ல காரியம். தூரத்துக்கும் அதையே கேட்கிறோம்.

முடிவுகளை எப்படிக் காட்டுவது என்று நிறைய யோசித்தோம். வண்ண வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் எல்லாரும் வண்ணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டோம். ஒவ்வொரு வரியும் ஒரு குடியிருப்பு. ஆள் உள்ள கதவுகள், நேர்கோட்டுத் தூரம், கேட் திறந்திருந்தால் நிமிடம், மூடியிருந்தால் நிமிடம், சொந்த வண்டி இல்லாத வீடுகள் அதிகமா குறைவா. கடைசிக் கட்டத்தில் எண் போடவில்லை, சின்ன இடங்களில் எண் போட்டால் வீடு தெரிந்துவிடும். நிமிட வித்தியாசத்தின்படி வரிசைப்படுத்தினோம். மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம்.

அதை எடுத்துக்கொண்டு சுகாதாரப் பணியாளர்களையும் ஊர்ப் பிரதிநிதிகளையும் தோட்ட நிர்வாகத்தையும் தனித்தனியே பார்த்தோம். பேச்சு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. யாரையும் குறை சொல்லும் தாள் அது இல்லை என்பதால், பார்த்தவர்கள் தாங்களே அடுத்த கேள்விக்குப் போனார்கள். ஒரு தாதி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத்தான் எப்போதும் லேட் ஆகும். சோம்பேறித்தனம்னு நினைச்சிட்டேன் தங்கச்சி" என்றார். அவர் அப்படி மனம் திறந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

தீர்வுகள் எல்லாம் சின்னவை. தோட்ட நிர்வாகம் கிளினிக் நாள்களில் கேட்டைக் காலையில் முன்னதாகத் திறக்க ஒத்துக்கொண்டது, சாவி ஜாகாவிடம். தூரத்து லயங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒரே நாளில், சற்றுத் தாமதமான நேரத்தில் தேதி கொடுக்கக் கேட்டோம். அப்படி வந்தால் ஒரே காரில் நாலு பேர் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கேட்பவர்களுக்கு அப்படிக் கொடுக்கிறார்கள், தானாக நடக்கும் ஏற்பாடாக அது இன்னும் ஆகவில்லை.

மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை அரசாங்க மருந்தகங்களில் ஏற்கெனவே உண்டு, தொடர் மருந்தை வேறொரு கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பெரியவர்களில் பலருக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை. தபாலில் மட்டும் ஒரு சிக்கல்: லயத்துக் கதவுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை, கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். கிராணி (அலுவலக எழுத்தர்) எடுத்து வைத்து, யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அலுவலகம் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. தள்ளி இருக்கும் இடங்களுக்கு அந்தத் தூரத்தையும் அட்டவணையில் ஒரு கட்டமாகச் சேர்த்தோம்.

இன்னும் செய்யாதது மழைக்காலக் கணக்கு. எங்கள் பதிவுகள் பெரும்பாலும் காய்ந்த நாள்களில் எடுத்தவை. ஆண்டு இறுதி மழையில் சில தாழ்ந்த பாலங்களில் தண்ணீர் ஏறும், செம்மண் பாதையில் கார் இறங்காது. அப்போது மூன்றாவது வலை ஒன்று வேண்டும், கேட்டோடு பாலத்தையும் கணுவாக வைத்து. லாசா பக்கம் உள்ளே இருக்கும் ஒராங் அஸ்லி கிராமங்களுக்கு இந்த வேலை இன்னும் அவசரம். அங்குள்ளவர்களோடு சேர்ந்து, அவர்கள் விரும்பினால் செய்ய வேண்டும். நாம் போய் அளந்துகொண்டு வருவது சரியில்லை.

பீடோர், பாகான் டத்தோ, கூலிம், கிள்ளான் பக்கத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: தேவைப்படுவது ஒரு மடிக்கணினி, கியூஜிஐஎஸ், பைத்தான், ஜிபிஎஸ் உள்ள கைபேசிகள், அனுமதிக் கடிதம். மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பகுதியின் கேட்களைப் பட்டியல் எடுங்கள்: எங்கே, எப்போது பூட்டு, சாவி யாரிடம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊரில் இரண்டு இடங்களில் பதிலே இல்லை, இப்போது அதைத்தான் நிர்வாகங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.